திண்ணைப் பள்ளியில் ஒரு சமயத் தொண்டர்

கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் ஓதக் கேட்கிறோம். இவ்விரு நூல்களும் நீதிவெண்பாவும் 1708ஆம் ஆண்டிலேயே செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டன என்பதையும், பெயர்த்தவர் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர்த்தான் தமிழ் அரிச்சுவடியைத் தொட்டவர் என்பதையும் ஆசிரிய நண்பர்களுள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு. செருமனியின் சக்சனிப் பகுதியிற் பிறந்து, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்று, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்த லுத்தரன் சமயத் தொண்டர். அவருடைய அச்சுப் பணியைப் பற்றியும் மொழிப் பணியைப் பற்றியும் எழுதியவர் பலர். தாம் ஏற்ற அழைப்பில் அவர் எங்ஙனம் நிலைத்து நின்றார் என்பதே ஈண்டு நாம் காணப் புகுவது.

கிறிஸ்தவர் 'அழைப்பு' என்று கூறுவது ஒருவர் தாமே தேடிக்கொள்ளும் வேலையை அன்று. இறைவன் இப்பணிக்குத் தம்மை அழைத்தான் என்று நம்பி அவர் தலைமேற் கொள்வதையே அச்சொல் குறிக்கும். நமக்கு ஆசிரியப் பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். அழைப்புக்கு அவ்வாறு சான்றிதழ் எதுவும் இல்லை. ஆகவே ஐயம் அதனோடு உடன்பிறந்தது போலவே வருகிறது.

சீகன்பால்குக்கும் அது வந்தது. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், நோயாளி, மனச்சோர்வுக்கு ஆட்பட்டவர். ஆலே பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் கற்கச் சென்று, உடல் நலமின்மையால் படிப்பை இடையில் விட்டார். கடல் கடந்து செல்ல இசைவு கேட்கப்பட்டபோது, இருபதைச் சற்றே கடந்த அவர், தம் உடலும் அனுபவமும் இதற்குப் போதா என்றே தயங்கினார். தயக்கம் நீங்கிய பிறகு புறப்பட்டார் என்று சொல்வதற்கில்லை. அதையும் உடன் கொண்டே கப்பலேறினார் என்பதுதான் பொருந்தும்.

வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. தரங்கம்பாடி டேனிய வணிகக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. சமயத் தொண்டர் வருவது மன்னரின் விருப்பமேயன்றிக் கம்பெனியின் விருப்பமன்று. சீகன்பால்கும் உடன் வந்த புளுட்சோவும் கரையிறங்கவே சில நாள் காத்திருக்க நேர்ந்தது. இறங்கிய பின்னும், தங்க இடம் காட்டுவாரின்றித் தெருவில் நின்றனர்.

அடுத்து அவர் செய்தது என்னை மிகவும் கவர்ந்த செயல். ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதிய தமிழாசிரியர் ஒருவரை அணுகி, பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுத, அவர்களிடையே தாமும் அமர்ந்து அகரம் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பின்னர்ப் போர்த்துகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவரைத் துணைக்கொண்டு சொற்களின் பொருளை அறிந்தார். எட்டுத் திங்களுக்குள் தமிழிற் பேசவும் எழுதவும் வல்லவரானார்.

நான் பயிற்சி முடித்து முதலிற் பணியாற்றிய தோட்டத்தில் முதியோர் வகுப்பொன்று நடத்தினேன். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள் அவர்கள். ஆயினும் களைப்பு அவர்களை நிறுத்தவில்லை. பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற வெட்கமே பலரை நிறுத்திற்று. அரசரின் ஆணையோடு வந்த ஐரோப்பியர் ஒருவர் அந்த வெட்கத்தை விழுங்கியதை எண்ணும்போது, அவருடைய உறுதியின் தன்மை எனக்கு ஓரளவு விளங்குகிறது. வீரமுழக்கம் செய்யும் உறுதியன்று அது. காலையில் பழைய சொற்களைத் திருப்பிப் பார்ப்பது, பிறகு புலவர் ஒருவரை உடன்வைத்து நூல் படிப்பது, ஒரே நூலை மீண்டும் மீண்டும் படிக்கக் கேட்பது என்று அன்றாடப் பாடத்தில் ஊன்றிய உறுதி.

1708இல் அவர் சிறைப்பட்டார். இறந்த கணவன் விட்டுச்சென்ற கடன் வழக்கில் அகப்பட்ட ஏழைத் தமிழ் விதவை ஒருத்திக்காகத் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். தேவாலயத்திலேயே கோட்டைத் தலைவர் ஆசியசு என்பவர் முன் மண்டியிடுமாறு அவளுக்கு யோசனையும் கூறினார். தலைவர் அழைத்தபோது, எழுத்தில் ஆணை வேண்டும் என்றார். கேட்ட கேள்விகளுக்கு விடை கூற மறுத்தார். இதில் அவருடைய பிடிவாதமும் முன்கோபமும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நான்கு திங்கள் டேன்சுபர்க்குக் கோட்டையில் அடைபட்டார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. கிடைத்தவுடன் இரு நூல்கள் எழுதினார். ஒன்று கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது. மற்றொன்று போதகர் பணியைப் பற்றியது. பணி தடுக்கப்பட்டிருந்த வேளையிலேதான் அப்பணி இன்னதென்று எழுதினார். வெளிவந்ததும், முன் அக்டோபரில் தொடங்கி நின்றுபோயிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார்.

இதனினும் நுட்பமான சோதனை ஒன்று அவருக்கு நேர்ந்தது. தமிழர் நாகரிகமற்றவர் என்ற எண்ணத்தோடுதான் அவரும் வந்தார். பின்னர் அதைத் தாமே ஒப்புக்கொண்டார். திருக்குறள் முதலிய சுவடிகளைத் திரட்டிப் படித்தபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. அறம் இன்னதென்று தாம் கற்பிக்க வந்த மக்களிடம் அறநூல்கள் முன்பே நிறைந்திருக்கக் கண்ட போதகர் யாது செய்வார்? கண்டதை மறைத்துவிடலாம், அல்லது வந்த பணியைக் கைவிடலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றும் எழுதி ஆலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியோர்க்கு அது பிடிக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பியவரே அதைப் பரப்புவதா என்று எண்ணி அச்சிடாமல் வைத்துவிட்டனர். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. தம் சமயமே மெய்யென்ற கொள்கையை அவர் இறுதிவரை விட்டவர் அல்லர். அவர் சொல்லைக் கேட்டு மதம் மாறிய தமிழர் சிலர் உற்றாரை இழந்து பட்ட துன்பமும் சிறிதன்று. அதையும் இவ்வரலாற்றில் சேர்த்தே எண்ண வேண்டும்.

அச்சுப்பொறி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட பொறியோடு வந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கிற்று. மீட்கப்பட்ட பின், உடன் வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். ஆலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தபோது அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

கோட்டைத் தலைவரின் பகையைத் தாங்கிய அவரை, தம்மவர் எழுதிய மடல்களே வீழ்த்தின. கோபன்கேகனில் தொண்டுச் சபையின் செயலாளராக இருந்த வெண்டு என்பவர், அப்போஸ்தலரைப் போல ஏழையராய்ச் சென்று போதிப்பதே தொண்டர் கடமை, பள்ளிக்கும் கோவிலுக்கும் வீட்டுக்கும் பொருள் செலவிடுவது தவறு என்று கடிந்து எழுதினார். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியவர், 1716இல் உள்நாட்டு ஊழியர்க்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர், 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தவர் பெற்ற பாராட்டு அது. நாற்காலியில் இருந்துகொண்டு கண்காணாப் பள்ளிக்கு ஆணை எழுதுவோரைத் தலைமையாசிரியர்கள் அறிவார்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த அவர் உடல் பின்னர்த் தேறவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறு வயதில் உயிர் நீத்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

உடன் உழைத்த கிருண்ட்லர் மறு ஆண்டே மறைந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை சீகன்பால்கு பெயர்த்து வைத்திருந்தார். அதற்கு மேல் உள்ள பகுதியைச் சூல்ட்சு என்பவர் ஏற்று நடத்த, 1728இல் அந்த வேலை முடிவுற்றது.