பூஜ்ஜியம் எனும் தற்காலிக முகவரி

மவுஸ், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாமே ஒரே மாதிரித் துளையில்தான் செருகப்படுகின்றன. வந்திருப்பது எது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? கேரளத்தின் பாறசாலையிலிருந்து ஒரு பள்ளி மாணவி கடிதத்தில் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

முன்பு சாதனத்துக்கொரு துளை. பிரிண்டர் வயரைத் திருகி முடுக்கியது பலருக்கு நினைவிருக்கும். வடோதராவில் படித்து இன்டெலில் சேர்ந்த அஜய் பட்டும் அவர் குழுவும் இதற்கு முடிவுகட்ட முனைந்தார்கள். ஏழு நிறுவனங்கள் கைகோத்தன. 1996 ஜனவரியில் யூஎஸ்பி தரநிலை வெளிவந்தது.

பழைய தட்டைச் செருகியின் உள்ளே பாருங்கள். நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். ஓரத்து இரண்டும் சற்று நீளம். 5 வோல்ட் மின்சாரம் அவற்றின் வழியே முதலில் வந்துவிடும். நடுவிலுள்ள இரண்டும் தகவலுக்கானவை, பிறகே தொடும். பிடுங்கும்போது முதலில் தகவல் நிற்கும், அப்புறம்தான் மின்சாரம். கணினியை அணைக்காமலே செருக முடிவது இதனால்தான்.

சாதனத்திலுள்ள 1.5 கிலோ ஓம் மின்தடையம் ஒரு தகவல் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தும். யாரோ வந்திருப்பது கணினிக்குத் தெரிந்துவிடும். புதிதாக வந்ததற்கு முகவரி பூஜ்ஜியம். சேர்க்கை எண் கிடைக்காத பிள்ளை தலைமையாசிரியர் அறையில் நிற்பதுபோல. கணினி அதற்கு 1 முதல் 127-க்குள் ஓர் எண் தரும். பிறகு முழுமையாக விசாரிக்கும்: தயாரித்தவர் யார், நீ என்ன வகை? பதிலைக் கேட்டுக் கணினி ஏற்றுக்கொள்ளும்வரை 100 மில்லி ஆம்பியருக்குமேல் மின்சாரம் எடுக்க அனுமதியில்லை. 'நான் கீபோர்டு' என்று சாதனமே சொல்லிவிடுவதால், கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் கணினியிலும் எந்த நிறுவனத்தின் கீபோர்டும் உடனே வேலை செய்கிறது.

இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை மலிவுக் கேபிள்கள் பாழாக்குகின்றன. காசு மிச்சம் பிடிக்க, தகவல் கம்பிகளையே விட்டுவிடுகிறார்கள். போன் சார்ஜ் ஆகும், கணினியோடு பேசாது. நல்ல போனைப் பழுதென்று நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போகிறோம். 2014-இல் வந்த டைப்-சி செருகியில் 24 முனைகள் வரை உண்டு, எப்படித் திருப்பியும் செருகலாம். ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாயிருக்கும் இரண்டு கேபிள்களின் திறன் பெரிதும் வேறுபடுகிறது. திறனை உறையில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, தகவலும் போகுமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். வீட்டிலுள்ளதைச் சோதிக்க, போனைக் கணினியில் இணையுங்கள். கோப்புகளை மாற்றுவது பற்றிய அறிவிப்பே வராவிட்டால், முதலில் வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.