பாக்கில் உறையும் நஞ்சு

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜொகூர் மாநிலத்தில் பாக்குச் சாகுபடிக்குப் பெயர் பெற்றிருந்த வட்டாரங்கள் மூவாரும் பத்து பகாட்டும் ஆகும். மலாய்க்காரர் திருமணத்தில் வெற்றிலைப் பேழைக்குத் தனி மதிப்புண்டு. தமிழர் இல்லத்திலோ தாம்பூலம் மாற்றினால்தான் நிச்சயதார்த்தம் நிறைவுறும். இவ்விரு இனத்தாரும் மங்கலப் பொருளாகப் போற்றும் பாக்கு, தாவர நூலார் கணக்கில் நஞ்சு கொண்ட விதைகளுள் ஒன்று என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

விலங்கு பகையைக் கண்டால் ஓடும்; இயலாவிடில் எதிர்த்து முட்டும். மரம் செடிகளுக்கு அவ்வசதி இல்லை. நின்ற இடத்திலேயே புழுவையும் பூச்சியையும் ஆடுமாடுகளையும் அவை சமாளித்தாக வேண்டும். அதற்கு முள் ஒரு காப்பு. அதனினும் நுட்பமான காப்பு இரசாயனப் பொருள்கள். அவற்றுள் ஒரு பெரும் பிரிவே ஆல்கலாய்டுகள். நைட்ரஜன் கலந்த இப்பொருள்கள் பெரும்பாலும் கசப்பானவை. எட்டி மரத்து ஸ்டிரிக்னின், ஊமத்தையின் அட்ரோப்பின், புகையிலையின் நிக்கொட்டின், காப்பிக் கொட்டையின் காபீன் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. காட்டுப் புகையிலைச் செடி ஒன்றின் இலையைப் புழு கடித்ததும், அதன் வேரில் நிக்கொட்டின் மிகுதியாக உண்டாகி இலைக்கு ஏறுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

பூச்சிக்கென அமைந்த நஞ்சு மனிதனைத் தாக்குவானேன்? நரம்பின் செய்தியைக் கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருள் பூச்சிக்கும் மனிதனுக்கும் பொதுவானது. அதனைச் சாவி என்றால், அது சென்று பொருந்தும் இடம் பூட்டு. நிக்கொட்டின் அந்தப் பூட்டுகளில் ஒரு வகையைத் திறக்கும் கள்ளச்சாவி. பாக்கின் தலையாய ஆல்கலாய்டான அரிகோலின், முக்கியமாக மற்றொரு வகையைத் திறக்கிறது. பழக்கமில்லாதவர் பாக்கு மென்றால் தலை சுற்றி, வியர்த்து, வாயில் நீர் ஊறும். 'பாக்கு சொக்கிவிட்டது' என்று பெரியவர்கள் கூறுவது இதனைத்தான். முற்காலத்தில் நாய்களின் குடற்புழுவை வெளியேற்றவும் கால்நடை மருத்துவர்கள் அரிகோலினைப் பயன்படுத்தினர்.

சொக்கு சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். தெளியாத கேடு வேறொன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாயில் உட்தோல் இறுகி, வாய் திறக்க இயலாமற் போனதை ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் 1952-இல் விவரித்தார். அன்று அதன் காரணம் விளங்கவில்லை. ஓயாது பாக்கு மெல்லுவதே அதன் மூலம் எனப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. அரிகோலின் வாயின் உட்தோலில் நார்ப்புரதத்தைப் பெருக்குகிறது. தோல் மெல்ல மெல்ல இறுகுகிறது. சிலருக்கு இந்நிலை புற்றுநோயாகவும் முற்றும்.

'நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்' என்று சமாதானம் கூறுவோர் பலர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அனைத்துலக நிறுவனம் அச்சமாதானத்தை ஏற்கவில்லை. புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதே என்று 2003-இல் அது அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுதியாகக் காணப்படுவதற்கு வெற்றிலை போடும் வழக்கம் ஒரு முக்கிய காரணம். தோட்டங்களில் காலை முதல் மாலை வரை பாக்கை வாயில் அடக்கி உழைத்த தலைமுறையின் வழக்கம் அது.

நோயின் முன்னறிவிப்புகளை யாவரும் அறிந்திருத்தல் நலம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது வரவரக் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பல் மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

தாவரம் தன் விதையைக் காக்கவே நஞ்சை வைத்தது, அதில் குற்றமில்லை. தாம்பூலத் தட்டில் பாக்கு மங்கலமாகவே இருக்கட்டும். அது நாள்தோறும் வாயில் குடியிருப்பதுதான் ஆகாது.