எட்டாத தூரத்தில் ஒரு காந்தப்புலம்



ஃபாரடே பெயரைக் கேட்டாலே நமக்கு பரீட்சை ஞாபகம்தான் வரும். ஆனால் நாம் மனப்பாடம் செய்கிற அதே காந்தவியல், 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பதையும் சொல்லிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

கன்னி விண்மீன் கூட்டத்தில் 3சி 273 என்றொரு குவாசர் இருக்கிறது. 1962ல் நிலா அதை மறைத்து விலகிய நேரத்தை வைத்து, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தது. 1963ல் மார்ட்டன் ஷ்மிட் அதன் தூரத்தைக் கண்டுபிடித்தார். அதன் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையின் பக்கத்திலிருந்து, ஹோஸ் பைப் தண்ணீர் போல ஒரு ஜெட் பீய்ச்சி அடிக்கிறது. நீளம் சுமார் 2 லட்சம் ஒளியாண்டு!

ஹோஸ் தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே சிதறிவிடும். இது ஏன் சிதறவில்லை? காந்தப்புலம் இறுக்கிப் பிடித்திருக்கிறதா?

எங்கள் குடும்பத்தில் மேற்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். இதை வீட்டில் சொன்னதும் அம்மா, "அங்க யாருடா போய்ப் பார்த்தது?" என்றார். சரியான கேள்வி! யாரும் போகவில்லை. அங்கிருந்து வந்த அலையை அளந்தார்கள்.

ஜெட்டிலுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று ஓடும்போது ரேடியோ அலையை வீசும். அது பெரும்பாலும் புலத்துக்குச் செங்குத்தாக அதிரும். டிஷ் ஆன்டெனாவில் எல்.என்.பி.யைத் திருகினால் சிக்னல் ஏறி இறங்குமே, அதுபோல அலை அதிரும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். புலத்தின் திசையும் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவைக் கடக்கும்போது அந்தத் திசை திரும்பிவிடும். இதுதான் ஃபாரடே சுழற்சி. அலைநீளம் 2 மடங்கானால் திருப்பம் 4 மடங்கு. எனவே பல அலைநீளங்களில் அளந்து, எவ்வளவு திரும்பியது என்று கணக்குப் போடலாம். நம்மை நோக்கியுள்ள புலம் ஒரு பக்கமும், விலகும் புலம் எதிர்ப்பக்கமும் திருப்பும்.

அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ.யில் 25 மீட்டர் டிஷ்கள் 10. ஹவாய் முதல் கரீபியன் தீவு வரை, 8000 கி.மீ.க்கு மேல் பரவி, ஒரே தொலைநோக்கி போல வேலை செய்கின்றன. அதன் அளவீடுகளை வைத்து 2002ல் அசாடா குழுவினர், ஜெட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இந்தச் சுழற்சி படிப்படியாக மாறுவதைக் காட்டினார்கள். புலம் காயில் சுற்றியது போல ஜெட்டைச் சுற்றியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. அப்படிச் சுற்றிய புலம் ஜெட்டை இறுக்கிப் பிடிக்கவும் உதவும்.

இந்தச் சுழற்சியை 1845ல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் பைண்டிங் செய்த தொழிலாளி, கல்லூரிக்கே போகாதவர். நண்பர்களே, நம் கையில் பாடப்புத்தகமும் இருக்கிறது, லேபும் இருக்கிறது. புரிஞ்சு படிப்போம்!