டர்போ மீட்டர் பொய் சொல்கிறதா? முதலில் மீட்டரைச் சோதியுங்கள்

டர்போ கார் என்றால் பந்தயப் பிரியர்களின் வாகனம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் நம்மிடையே இருந்தது. இன்று அது மாறிவிட்டது. 2011இல் எக்சோரா போல்ட் வழியாகப் புரோட்டோன் டர்போ இயந்திரத்தைக் குடும்பக் காருக்குள் கொண்டு வந்தது. 2020இல் எக்ஸ்50, 2021இல் பெரோடுவா அத்திவா என அந்த வரிசை நீண்டது. இன்னொரு பக்கம், பழைய டர்போ கார்களை ஆசையோடு வாங்கும் இளைஞர்களும் உண்டு. அவர்களில் பலர் முதலில் வாங்கிப் பொருத்துவது டர்போ மீட்டர் எனப்படும் அழுத்தமானியைத்தான்.

"அண்ணே, மீட்டர் 0.4 தாண்ட மாட்டேங்குது. டர்போவைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று இளைஞர் ஒருவர் கேட்பதும், "பொறு தம்பி, முதல்ல மீட்டர் சரியான்னு பார்ப்போம்" என்று அனுபவமுள்ள மெக்கானிக் பதில் சொல்வதும் பட்டறைகளில் கேட்கக்கூடிய பேச்சுதான். மெக்கானிக் சொல்வதே சரி. இயந்திரத்தின் ஆயுள் அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

மீட்டர் எதைக் காட்டுகிறது?

புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான வாயு டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சி வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்திற்குள் அனுப்புகிறது. உள்ளே போகும் காற்றின் அழுத்தம், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதையே மீட்டர் காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார், அதாவது 14.7 பி.எஸ்.ஐ. மீட்டரில் அதுதான் பூஜ்யம். கார் நின்ற நிலையில் இயந்திரம் மெதுவாக ஓடும்போது முள் பூஜ்யத்திற்குக் கீழே, பொதுவாக 0.6 முதல் 0.7 பார் வரை நிற்கும். எண்ணெயை அழுத்தி மிதித்தால் பூஜ்யத்தைத் தாண்டி மேலே ஏறும்.

தவறான மீட்டரை நம்பினால் என்ன ஆகும்? உண்மையில் 0.8 பார் அழுத்தம் போய்க்கொண்டிருக்க, மீட்டர் 0.4 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து டர்போவை மேலும் ஏற்றினால், அளவுக்கு மீறிய அழுத்தத்தில் எரிபொருள் நேரம் தவறி வெடித்து எரியும். அந்த அடியில் பிஸ்டன் உடையலாம். சில வெள்ளியில் முடிய வேண்டிய ரப்பர் குழாய் வேலை, இயந்திரத்தையே மாற்றும் செலவில் போய் முடியும்.

படிப்படியாகச் சோதிப்பது எப்படி?

முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். குழாயைக் கழற்றிய பிறகும் முள் பூஜ்யத்திற்கு வராவிட்டால் கோளாறு மீட்டரிலேயே இருக்கிறது.

அடுத்து, மீட்டருக்குச் செல்லும் சிறிய ரப்பர் குழாயை முனை முதல் முனை வரை தடவிப் பாருங்கள். இயந்திரத்தின் சூட்டில் வெந்து வெடித்திருக்கலாம். காருக்குள் நுழையும் துவாரத்தில் நசுங்கியிருக்கலாம். இணைப்பில் தளர்ந்திருக்கலாம். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் இந்தக் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். அதை அலட்சியம் செய்யக்கூடாது.

மூன்றாவது, கையால் இயக்கும் வெற்றிட பம்பை மீட்டரோடு இணைத்து இழுத்துப் பாருங்கள். பம்பில் உள்ள அளவும் மீட்டரும் ஒன்றாக இருந்து, முள் அசையாமல் நின்றால் மீட்டர் நல்லது. முள் மெல்ல நழுவினால் எங்கோ கசிவு இருக்கிறது. பல கார்களில், கணினியோடு இணைக்கும் ஸ்கேனரிலும் உள்ளழுத்தத்தைப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் ஸ்கேனர் 160 கிலோபாஸ்கல் என்றால், அதில் 100ஐக் கழிக்க மீதி 60. மீட்டர் 0.6 பார் காட்ட வேண்டும்.

மின்சார மீட்டராக இருந்தால் மின்கம்பிகளையும் பார்க்க வேண்டும். பூமிக் கம்பி துருப்பிடித்தாலோ சென்சாரின் இணைப்பு தளர்ந்தாலோ முள் தாறுமாறாகக் குதிக்கும்.

முள் சொல்லும் குறிப்பு

நின்ற நிலையிலும் வேகத்திலும் இரண்டு அளவுமே வழக்கத்தைவிடக் குறைந்தால் மீட்டரையும் அதன் குழாயையும் முதலில் சந்தேகிக்கலாம். நின்ற நிலை அளவு சரியாக இருந்து, மேலழுத்தம் மட்டும் குறைந்தால் மீட்டர் பெரும்பாலும் உண்மையே சொல்கிறது. அப்போது இன்டர்கூலர் குழாயின் கிளிப், வேஸ்ட்கேட் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். மேலழுத்தம் காட்டி, கீழழுத்தம் காட்டவே இல்லையென்றால், த்ரோட்டலுக்குப் பின்னால் எடுக்க வேண்டிய குழாயை முன்னால் எடுத்திருப்பார்கள்.

கெந்திங் மலையேறியதும் மீட்டர் கெட்டுவிட்டது என்று பதறுபவர்களும் உண்டு. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 0.8 பார் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் கார் நின்ற நிலையில் முள் வழக்கம்போல் கீழே இறங்காது. அது கோளாறு அல்ல. மலையிறங்கினால் சரியாகிவிடும்.

செய்யக்கூடாதவை

மீட்டருக்காக 'டீ' இணைப்பு போடும்போது வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் குழாயில் கை வைக்கக்கூடாது. அந்த இணைப்பு கசிந்தால் வேஸ்ட்கேட் சரியாகத் திறக்காது. அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறும். எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் குழாயையும் தொடக்கூடாது. அதில் கசிவு ஏற்பட்டால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது குறைந்துவிடும். அளவு பார்க்கப் போட்ட மீட்டரே இயந்திரத்திற்கு எமனாகிவிடும். இன்டேக் மேனிபோல்ட்டில் தனித் துவாரம் இருந்தால் அதிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

ஓட்டிக்கொண்டே முள்ளைப் பார்ப்பதும் ஆபத்து. பக்கத்தில் ஒருவரை அமர்த்தி அவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுச் சாலை சோதனைக் களமல்ல.

காய்ச்சல் பார்க்கும் கருவி சரியா என்று தெரியாமல் யாரும் மருந்தின் அளவைக் கூட்டுவதில்லை. காருக்கும் அதே நியாயம்தான். மீட்டர் சரியென்று உறுதியாகும் வரை டர்போவின் அழுத்தத்தை ஏற்றாமல் இருப்பதே வாகனமோட்டிகளுக்கு நலம்.