கேள்வி கேட்க இங்கிலீஷ் வேண்டாம்!



பிளஸ் 2 பரீட்சை நெருங்கினால் எங்கள் ஊரில் விடியற்காலை நாலு மணிக்கே விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். மற்ற பாடங்களை எப்படியோ சமாளிக்கிற பிள்ளைகள், இங்கிலீஷில் ஒரு கதையைப் பற்றி 150 சொற்களில் எழுதச் சொன்னால் மட்டும் முழிக்கிறார்கள். நோட்ஸை வரிக்கு வரி நெட்டுரு போடுகிறார்கள். நடுவில் ஒரு வரி மறந்ததோ, போச்சு! கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் பேனா நகராது.

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் ஒரே அச்சில் ஊற்றின பொம்மைகள் ஒரே மாதிரி இருக்கும். பொம்மைக்கு அது சரி. பிள்ளைகள் எழுதுகிற கட்டுரையும் அப்படி இருக்கலாமா?

நான் படித்தது பத்தாவது வரைதான். ஆனாலும் என் மகளுக்கு இந்தக் கட்டுரை விஷயத்தில் நான்தான் துணை. எப்படி என்று கேட்கிறீர்களா?

2019-ல் வந்த பிளஸ் 2 இங்கிலீஷ் புத்தகத்தில், நம்ம கி.ராஜநாராயணன் எழுதிய 'நாற்காலி' கதையை மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் முக்காலியோடு சாய்ந்து விழுந்துவிட, அந்த வீட்டில் ஆசை ஆசையாக நாற்காலி செய்கிறார்கள். கடைசியில் ஊரில் யார் செத்தாலும் உடலை உட்கார வைக்க அதைத்தான் இரவல் கேட்டு வருகிறார்கள். அப்புறம் வீட்டில் யாருக்கு அதில் உட்கார மனசு வரும்?

நான் மகளிடம் இப்படித்தான் கேட்டேன்.

1. "கதையைத் தமிழிலேயே சொல்லு." நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

2. "இதிலிருந்து உனக்கு என்ன தோணுது? ஒரே வரியில சொல்லு." அவள், "பெருமைக்குச் செஞ்ச பொருளே கடைசியில பயமா மாறிடுதும்மா" என்றாள். கட்டுரைக்கு அதுதான் முதுகெலும்பு.

3. "அதை எதை வச்சுச் சொல்றே?" கதையிலிருந்து மூன்று இடம் காட்ட வேண்டும். நாற்காலி வந்தபோது இருந்த சந்தோஷம், முதல் தடவை இரவல் போனது, அப்புறம் யாரும் அதில் உட்காராதது என்று மூன்றைச் சொன்னாள். சாட்சி இல்லாத கருத்துக்குப் பஞ்சாயத்திலேயே மதிப்பில்லை, பரீட்சையில் எப்படி இருக்கும்?

4. "வேற மாதிரி யாராவது சொன்னா?" 'இது வெறும் சிரிப்புக் கதை' என்பவர்களுக்கு என்ன பதில் என்று யோசிக்க வைப்பேன். சிரிப்பும் இருக்கிறது, அதற்குள்ளே வருத்தமும் இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

இதற்கெல்லாம் எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையாவது தேவைப்பட்டதா? இல்லை. அதன்பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் எழுத வேண்டியது அவள் வேலை. பக்கத்தில் கடிகாரத்தை வைத்து நேரம் பார்க்கிறது என் வேலை. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழையை அவளுடைய டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்வாள்.

ஐந்து மார்க் கேள்விக்கு இவ்வளவு பாடா என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் இங்கிலீஷில் 35 வாங்காமல் போய், "படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கப்பட்ட பெண்கள் உண்டு. ஒரு தடவை தவறினாலும் துணைத்தேர்வு இருக்கிறது என்பதைக்கூடப் பல வீடுகளில் யோசிப்பதில்லை. ஒரு பாடத்து மேல் இருக்கிற பயம் ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடக் கூடாது, இல்லையா?

அதனால் தோழிகளே, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். அரிசி களைந்துகொண்டே, காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். "என்ன கதை? உனக்கு என்ன தோணுது? எதை வச்சுச் சொல்றே?" இந்த மூன்று கேள்வி போதும். சொந்தமாகக் கருத்துச் சொல்லவும், காரணம் காட்டிப் பேசவும் நம் பெண்கள் வீட்டிலேயே பழகட்டும். பரீட்சை முடிந்த பிறகும் அது அவர்களுக்குக் கைகொடுக்கும்.

- ஒரு வாசகி, மங்களூர், விருத்தாசலம் வழி.