இழுவை குறைந்த டீசல் பிக்கப்: காரணமும் தீர்வும்

டீசல் பிக்கப் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வேகம் எடுக்காமல் தயங்குவதும், லோடு ஏற்றி மேட்டில் போகும்போது திணறுவதும் பரவலாக வரும் கோளாறு. ‘இழுவை இல்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் இந்தக் குறைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகைதான்: எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் போதவில்லை. எது குறைகிறது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றும் வீண்செலவு மிச்சமாகும்.

இன்றைய பிக்கப்புகளில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. பெடலில் உள்ள சென்சார், அது எவ்வளவு மிதிபட்டது என்பதை மின்சமிக்ஞையாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். உள்ளே வரும் காற்றின் அளவையும் பார்த்து, எவ்வளவு டீசலை எந்த நேரத்தில் பீய்ச்சுவது என்று ஈசியூ முடிவு செய்யும். உயர் அழுத்தப் பம்ப் டீசலை அழுத்திக் காமன் ரயில் என்ற குழாயில் தேக்கும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். ஐடிலில் சுமார் 300 பார் இருக்கும் ரயில் அழுத்தம், பல எஞ்சின்களில் முழுச் சுமையில் 1,600 பாரைத் தொடும். காற்றின் தேவையும் பெரியது. 2.5 லிட்டர் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் டர்போ இல்லாமலே நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ வேலை செய்யும்போது இன்னும் அதிகம். குறைந்த ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது டர்போ வேகம் பிடிக்கும்வரை வரும் சிறு தாமதம் இயல்பானது. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

சோதனையைத் தொடங்கும் முன் எஞ்சினுக்கு வெளியே உள்ள இரண்டு காரணங்களை ஒதுக்கிவிட வேண்டும். நான்காம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை முழுதாக மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காவிட்டால், நழுவுவது கிளட்ச். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது புகை. திணறும்போது கரும்புகை கக்கினால், டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று இல்லை. புகையே இல்லாமல் சக்தி மட்டும் குறைந்தால், பெரும்பாலும் டீசல் பக்கம்தான் குறை. இந்த அடையாளம் பழைய வண்டிகளுக்கே நன்றாகப் பொருந்தும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 மாசு விதிப்படி தயாரான டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் உள்ள கரித்துகள் ஃபில்டர் புகையை மறைத்துவிடும். அந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டாலே இழுவை குறையும் என்பதால் அதன் நிலையையும் ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும்.

காற்றுப் பாதையில் முதலில் ஏர் ஃபில்டர். மண்சாலையில் ஓடும் வண்டிக்கு அது குறித்த தவணைக்கு முன்பே அடைத்துவிடும். அதுவும் சுத்தமாக இருந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். ஹோஸின் அடிப்பக்கத்து வெடிப்பு ஐடிலில் மூடியே இருக்கும். டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறந்து காற்றைக் கசியவிடும். அதனால் நின்ற வண்டியில் கண்ணுக்குப் படாமல் போகலாம். வெடிப்பைச் சுற்றியும் கிளிப் ஓரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்த கறுப்புத் தடம் இருந்தால் அதுவே துப்பு. ஹோஸை மாற்றி, கிளிப்பை இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு கரி படிந்து திறந்த நிலையில் சிக்கினால், புதுக்காற்றின் இடத்தைப் புகை அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்துப் பூட்ட வேண்டும்.

டீசல் பாதையில் தொடக்கம் டீசல் ஃபில்டர். அதன் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தங்கும். தண்ணீர் கண்டால் ஃபில்டரை மாற்றுவதோடு டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் பம்பும் இன்ஜெக்டர்களும் துருப்பிடிக்கும். புது ஃபில்டர் போட்டபின் கை பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகும் காற்று நுழைகிறதா என்று பார்க்க, டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பாதையில் சிறு நீளத்துக்கு டீசல் தாங்கும் நிறமற்ற ஹோஸை இணைக்கலாம். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழிகள் தொடர்ந்து வந்தால், அதற்கு முன்புள்ள ஏதோ ஓர் இணைப்பில் காற்று புகுகிறது.

இவை எல்லாம் சரியென்றால் ஸ்கேனரின் வேலை தொடங்குகிறது. பி0299 என்ற குறியீடு டர்போ அழுத்தக் குறைவையும், பி0087 ரயில் அழுத்தக் குறைவையும் காட்டும். குறியீடு வந்தவுடன் டர்போவையோ பம்பையோ மாற்றிவிடக் கூடாது. வெடித்த ஹோஸும் அடைத்த ஃபில்டரும் இதே குறியீடுகளைக் கொண்டுவரும். லோடோடு ஓட்டிக்கொண்டே ஈசியூ கேட்கும் ரயில் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டால்தான் விவரம் தெளியும். அப்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். பெடல் சென்சாரையும் ஸ்கேனரிலேயே சோதிக்கலாம். பெடலை மெல்ல அழுத்தும்போது அளவு சீராக ஏறாமல் ஓரிடத்தில் துள்ளினாலோ விழுந்தாலோ சென்சாரிலோ அதன் வயரிங்கிலோ பழுது உண்டு.

ஃபில்டரும் பாதையும் நன்றாக இருந்தும் ரயில் அழுத்தம் ஏறாவிட்டால் இன்ஜெக்டர்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டினால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இருந்தது. காமன் ரயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழுதை நீக்கியபின் குறியீடுகளை அழித்து, முன்பு திணறிய அதே மேட்டில், அதே அளவு லோடோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் மறைந்த குறை, லோடு ஏறியதும் திரும்பத் தலைகாட்டலாம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் மேடு முழுக்க ஒட்டியே போனால் வேலை முடிந்தது.