பதினான்காம் நாள்

ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் தீர்த்துவிடக்கூடிய விவகாரம் இல்லை இது. ஆனால் பொறுமையாகக் கேட்டால் யாருக்கும் புரியும். மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுக்கலாமா, கூடாதா என்று கால் நூற்றாண்டாக வாதாடி வருகிறார்கள். அறிவியலுக்கும் மதத்துக்கும் நடக்கும் சண்டை என்று இதைச் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதைக் காப்பாற்ற நினைக்கிறோம், அதற்கு எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி.

முதலில் ஆய்வகத்துக்குள் போவோம். குழந்தையில்லாத தம்பதிக்குக் கருமுட்டையையும் விந்தணுவையும் வெளியில் சேர்த்துக் கரு உண்டாக்குகிறார்கள். ஒரே முயற்சியில் கரு தங்கும் என்ற உறுதி இல்லாததால் பல கருக்களை உருவாக்குகிறார்கள். ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்துவிட்டு, மீதியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் இப்படி ஏறக்குறைய 4 லட்சம் கருக்கள் இருந்ததாக ஒரு கணக்கெடுப்பு சொன்னது. பெரும்பாலானவை அந்தந்தத் தம்பதியின் அடுத்த முயற்சிக்காக வைக்கப்பட்டவை. ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்டவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாளில் அந்தக் கரு, உள்ளே திரவம் நிறைந்த ஒரு நுண்ணிய உருண்டை. நூறு, இருநூறு செல்கள் இருக்கும். வெளிச்சுவரில் உள்ளவை நஞ்சுக்கொடியாகப் போகிறவை. உள்பக்கம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துதான் பின்னால் உடம்பாகிறது. நரம்பாகவோ இதயத் தசையாகவோ இன்சுலின் சுரக்கும் செல்லாகவோ, உடம்பின் எந்தப் பகுதியாகவும் மாறக்கூடியவை அந்தச் செல்கள். அவற்றைத்தான் ஸ்டெம் செல்கள் என்கிறோம். அந்தக் கொத்தை எடுத்துவிட்டால் கருவின் வளர்ச்சி அதோடு முடிந்தது. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து இப்படிச் செல்களை எடுத்து வளர்த்துக் காட்டினார். தம்பதிகள் மனமுவந்து கொடுத்த 36 கருக்களிலிருந்து அவர் குழுவுக்குக் கிடைத்தவை 5 செல் வரிசைகள். செல் வரிசை என்பதை நம் வீட்டு உறைமோரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு கரண்டி இருந்தால் போதும், நாள்தோறும் புதுத் தயிர் தோய்க்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அதுபோல ஒரு முறை எடுத்த செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்தில் ஒன்றான ‘எச்9’ இன்றும் உலகெங்கும் பல ஆய்வகங்களில் வளர்கிறது. மறுபடி மறுபடி கருவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி கோடுகளுக்கு வருவோம். கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசுப் பணம் தரக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1990களின் நடுவிலேயே விதி போட்டிருந்தது. அதனால் தாம்சன் இந்த வேலைக்கென்று தனி ஆய்வகம் வைத்து, தனியார் பணத்தில் தனிக் கருவிகள் வாங்க வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் தொலைக்காட்சியில் தன் முடிவை அறிவித்தார். அன்றைக்குள் எடுக்கப்பட்டுவிட்ட செல் வரிசைகளுக்கு அரசுப் பணம் உண்டு, அதற்குப் பிறகு எடுப்பவற்றுக்குக் கிடையாது. அறுபதுக்கும் மேல் இருப்பதாக அவர் சொன்னார். கடைசியில் ஆய்வாளர்கள் கைக்கு வந்தவை இருபது சொச்சம்தான். தடையைத் தளர்த்த வந்த மசோதாவை 2006இல் நிராகரித்தார். பதவிக்கு வந்து அவர் பயன்படுத்திய முதல் வீட்டோ அது.

புஷ்ஷின் மனச்சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. கருத்தரித்த கணத்திலிருந்தே அது மனித உயிர் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் இன்னும் பலரும் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால் அந்தக் கோடு எதைக் காத்தது என்று கேட்டாக வேண்டும். தனியார் பணத்தில் அதே வேலை தடையின்றி நடந்தது. 2004இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஆரின் ஹாட்ச், இந்த ஆராய்ச்சிக்கு ஆதரவாக நின்றார். 2009இல் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். காலண்டரில் போட்ட கோடு அவ்வளவுதான் தாங்கும்.

ஜெர்மனியும் தேதியைத்தான் நம்பியது. நாஜி காலத்து மருத்துவக் கொடுமைகளைக் கண்ட நாடு, உள்நாட்டில் ஆராய்ச்சிக்காகக் கருவைத் தொடவே கூடாது என்று 1990இல் சட்டம் இயற்றியது. ஆனால் 2002 ஜனவரி 1க்கு முன் வெளிநாட்டில் எடுத்த செல்களை இறக்குமதி செய்யலாம் என்று பின்னர் அனுமதித்தது. 2008இல் அந்தத் தேதியையும் 2007 மே 1க்குத் தள்ளிவைத்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978இல் அங்கே பிறந்ததும் கேள்விகள் கிளம்பின. தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் 1982இல் ஒரு குழு அமைத்தார்கள். 1984இல் வந்த அறிக்கை, ஆய்வகத்தில் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்றது. ஏன் பதினான்கு? பதினைந்தாம் நாள் வாக்கில்தான் தட்டையான செல் விரிப்பின் நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பது அதில்தான் தீர்மானமாகிறது. அதற்கு முன் ஒரே கரு பிரிந்து இரட்டையராகலாம். நரம்பு செல் ஒன்றுகூட அப்போது இல்லை.

அந்தக் குழு ஒருமனதாக முடிவெடுக்கவில்லை. மாற்றுக் கருத்துகளையும் மறைக்காமல் அறிக்கையிலேயே அச்சிட்டார்கள். இந்த ஆராய்ச்சியையே தடை செய்யும் தனிநபர் மசோதா ஒன்றும் 1985இல் நாடாளுமன்றத்தில் வலுவான ஆதரவு பெற்று, நிறைவேறாமல் போனது. ஆண்டுக்கணக்கில் வாதாடி, பதினான்கு நாள் வரம்பை 1990இல் சட்டமாக்கினார்கள். கருவின் வளர்ச்சியிலேயே காரணம் இருந்ததாலும், நாள்களை யாரும் எண்ணிச் சரிபார்க்கலாம் என்பதாலும் அந்தக் கோடு நின்றது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையிலும் இதே பதினான்கு நாள்தான் இருக்கிறது.

இதற்கிடையே 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா எலியின் சாதாரண செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, கருச் செல்லைப் போன்ற ஒன்றாகத் திருப்பினார். அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லிலும் அது நடந்தது. கருவைத் தொடாமல் ஸ்டெம் செல் கிடைக்கும் என்றானதும், சண்டை ஓய்ந்தது என்று பலர் எழுதினார்கள். ஆனால் எந்த மரபணுக்கள் வேண்டும் என்று தேடுவதற்கும், கிடைத்தது சரியா என்று ஒப்பிடுவதற்கும் கருச் செல்கள்தான் உரைகல்லாக இருந்தன. அந்தப் பழைய எச்9 வரிசையிலிருந்து வளர்த்த நரம்பு செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேரின் மூளையில் வைத்துப் பார்த்த முடிவுகள் 2025இல் வெளியாயின. பாதுகாப்பை அறியும் முதற்கட்டச் சோதனை அது, அதில் தேறியிருக்கிறது. நோய் தீருமா என்பதற்குப் பெரிய சோதனைகள் வேண்டும்.

பதினான்காம் நாள் கோடும் இப்போது அசைகிறது. 2016இல் கருவைப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்வரை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அதுவரை அந்த எல்லையை எட்டும் திறமையே யாருக்கும் இருக்கவில்லை. இருபத்தெட்டு நாளாக நீட்டலாம் என்ற யோசனை பிரிட்டனிலேயே எழுந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே கரு கலைவது ஏன், பிறவிக் கோளாறுகள் எப்படித் தொடங்குகின்றன என்று அறிய அந்த நாட்கள் தேவை என்கிறார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் திறமை வந்துவிட்டது என்பது மட்டும் கோட்டை நகர்த்தக் காரணமாகாது. எதற்காக நகர்த்துகிறோம், புதிய இடத்தில் எதைக் காக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறுப்பவரின் வாதமும் அதே அறிக்கையில் அச்சாக வேண்டும். நம் நாட்டிலும் அந்த நெறிமுறை திருத்தப்படும் நாள் வரும். அதற்கு முன்னால் தமிழில் இதை உட்கார்ந்து பேசித் தெளிவது நம் கடமை என்றே நினைக்கிறேன்.